கலங்கலைப் பார்த்தீர்களா?

ஏரி என்றால் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற இடம். தூர் வார வேண்டும், கரையை உயர்த்த வேண்டும். நாம் பேசுவதெல்லாம் இவ்வளவுதான். ஆனால் நம் முன்னோர்கள் தண்ணீரைப் பிடிப்பதில் காட்டிய அக்கறையை, அதை வெளியே விடுவதிலும் காட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்காகக் கட்டியதுதான் கலங்கல்.

மதகு பாசனத்துக்கு, கலங்கல் வெள்ளத்துக்கு. மண் கரைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கொஞ்ச நேரத்திலேயே கரையை அறுத்துவிடும். அதனால் கரையைவிடச் சில அடி தாழ்வாக, கெட்டியான தரை பார்த்து, கல்லால் ஒரு வழி வைத்தார்கள். வடக்கே 'ஏரி கோடி போகுது' என்பார்கள், தெற்கே 'கண்மாய் மறுகால் பாயுது' என்பார்கள். அன்றைக்கு ஊரே போய்ப் பார்க்கும்.

பழைய கலங்கல் பலவற்றின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். அது அழகுக்காக இல்லீங்க. ஐப்பசி மழை வலுக்கும்போது கல் இடைவெளிகளைத் திறந்தே விடுவார்கள். மழை ஓயும் சமயம் பார்த்துப் பலகை வைத்தோ, வைக்கோலும் களிமண்ணும் கொண்டோ அடைத்து, இன்னும் ஓரிரு அடி தண்ணீர் பிடிப்பார்கள். முன்கூட்டியே அடைத்தால் கரைக்கு ஆபத்து, மேலே இருக்கிற பட்டா நிலமும் மூழ்கும். தாமதித்தால் கடைசித் தண்ணீர் கிடைக்காது. இதற்காக ஊருக்குள் சண்டை வந்ததும் உண்டு. இன்றைய பெரிய அணைகளில் மழைக்காலத்தில் வெள்ளத்துக்கென்று இடம் ஒதுக்கி வைப்பதும் இதே கணக்குதான்.

கலங்கலில் வழிந்த தண்ணீர் போக்குக்கால் வழியாக அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளில் பல இப்படிச் சங்கிலியாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஏரியும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மெதுவாக விடுவதால் கீழே போகப் போக வெள்ளத்தின் வேகம் குறையும். ஆனால் மேல் ஏரி உடைந்தால் மொத்தத் தண்ணீரும் அடுத்த கரையில் போய் மோதும். ஓர் ஊரின் அலட்சியத்துக்கு இன்னோர் ஊர் பயிரைக் கொடுக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் கவனிக்க ஆள் வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது: 6 பேர், பதவிக்காலம் 360 நாள், தேர்வு குடவோலை முறையில். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் தேர்வுக்கு வர முடியாது. தணிக்கை என்றாலே வயிற்றைக் கலக்கும் வங்கியில் காலம் தள்ளியவன் நான். கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இப்போது நடப்பது என்ன? கரைமேல் மண் கொட்டுகிறோம். போக்குக்காலை மறந்துவிடுகிறோம். அதன்மேல் மனைப்பிரிவு வருகிறது, சாலை வருகிறது, நடுவில் ஒற்றைக் குழாய் போட்ட சிறுபாலம் வருகிறது. ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வயலுக்கும் வீட்டுக்கும்தான்.

ஆடி மாதத்திலேயே இரண்டு பேராகக் கலங்கலில் கிளம்பி அடுத்த ஏரிவரை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் கேட்டு, ஓடைப் புறம்போக்கு எந்தச் சர்வே எண், எவ்வளவு அகலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தில் குறைந்திருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகவே எழுத வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறமும் இரண்டு மாதம் இருக்கும்.