தூக்குதலும் துணைசெய்தலும்

கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த எம்மிற் பலர்க்கு இன்று புதியதொரு கடமை வாய்த்துள்ளது. முன்னே எம்மைக் கைப்பிடித்து நடத்திய பெற்றோரை இப்பொழுது நாம் கைதந்து எழுப்பவேண்டியிருக்கின்றது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரைக் கட்டிலினின்றும் சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் அத்தகைய கடமைகளுள் ஒன்று. அன்பும் உடல்வலிமையும் இருந்தாற் போதும், இது எளிதிற் கைகூடும் என்றே எவரும் எண்ணுவர்.

யானும் அவ்வாறே எண்ணினேன். என் தந்தையார் இடப்பக்கம் தளர்ந்து வைத்தியசாலையினின்றும் வீடு திரும்பிய முதல் வாரத்திலே, அவரது இடக்கையைப் பற்றி இழுத்து எழுப்பினேன். அவர் முகஞ்சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. தோள்மூட்டு நழுவியிருப்பதைப் பின்னர் வந்த இயன்மருத்துவரே கண்டு சொன்னார். நோய் செய்த தீங்கோடு மகன் செய்த தீங்கும் சேர்ந்தது. அந்நோவு நீங்கப் பல மாதங்கள் சென்றன. யான் பிந்திக் கற்ற பாடத்தைப் பிறர் முந்திக் கற்றல் நன்று என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் தலையை அக்குழியில் நிறுத்துவதற்குச் சுற்றியுள்ள தசைகளின் வலிமை இன்றியமையாதது. அவை தளர்ந்தவிடத்து, தொங்கும் கையின் பாரமே மூட்டைக் கீழ்நோக்கி இழுக்கப் போதியது. நாமும் சேர்ந்து இழுப்பின் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின் தளர்ந்த கையை ஒருபோதும் பிடியாகக் கொள்ளலாகாது. அக்குளின் கீழே கை கொடுத்துத் தூக்குதலும் அத்தகைய தவறே.

இனி, உதவுவோரின் முதுகைப் பற்றியும் நினைத்தல் வேண்டும். வகுப்பிலே நெம்புகோலைப் பற்றிப் படித்ததை நினைவுகூர்க. ஒரு பாரத்தை உடலினின்றும் 60 சதமமீற்றர் தூரத்திற் பிடித்தால், 20 சதமமீற்றர் தூரத்திற் பிடிப்பதிலும் மும்மடங்கு திருப்பம் முதுகெலும்பின் மேல் உண்டாகின்றது. அமெரிக்க ஆய்வாளரான வாட்டர்ஸ் என்பார், நிலைமைகள் யாவும் வாய்ப்பாக அமைந்தவிடத்தும், நோயாளரைக் கையால் தூக்குங்கால் ஒருவர் ஏற்கத்தக்க பாரத்தின் மேலெல்லை 35 இறாத்தல், ஏறக்குறைய 16 கிலோகிராம், என 2007ஆம் ஆண்டிற் குறித்தார். வளர்ந்த மனிதர் எவரும் அவ்வெல்லைக்குள் அடங்கார். எனவே தூக்குதல் என்னும் எண்ணத்தையே விடுதல் வேண்டும். நோயாளர் தமக்கு எஞ்சிய வலிமையால் எழ, நாம் தாங்கித் துணைசெய்தலே முறையாகும்.

முதலில் இடத்தை ஆயத்தஞ் செய்க. நாற்காலியை நோயாளரின் நலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, நெருங்க வைக்க. தடைகளைப் பூட்டுக; கால்தாங்கிகளை அகற்றுக. நிலம் ஈரமின்றி இருத்தல் வேண்டும். வழுக்காத பாதணி வேண்டும். சாரத்தின் விளிம்பு காலிற் சிக்காதவாறு உயர்த்திக் கட்டுக.

அடுத்து, செய்யப்போவதை நோயாளருக்குச் சொல்லுக. அவரைக் கட்டில் விளிம்பில் இருத்திச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க. நெடுநேரம் படுத்திருந்தவர் நிமிரும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுவதுண்டு. முகம் வெளுத்தால் மீண்டும் படுக்கவைத்தலே அறிவுடைமை. தளர்ந்த கை எங்கே இருக்கின்றது என்பதையும் பார்க்க. இடப்பக்கம் தளர்ந்தோருட் சிலர், அப்பக்கம் ஒன்று உண்டென்பதையே மறந்துவிடுவர். அக்கை சக்கரத்தில் அகப்படலாம்.

எழுதலின் நுட்பம் முன்சாய்வில் உள்ளது. நேரே நிமிர்ந்து இருப்பவரின் புவியீர்ப்பு மையம் பாதங்களுக்குப் பின்னே நிற்கும்; அந்நிலையில் எவராலும் எழ இயலாது. ஐயமுடையோர் தம் கதிரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆகவே நோயாளர் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நிலத்திற் பதிய ஊன்றி, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்சாய்தல் வேண்டும். நாம் அவர் முன்னே, கால்களை அகட்டி, முழங்கால்களை மடித்து, முதுகை வளைக்காது நிற்போம். தளர்ந்த முழங்கால் மடிந்துவிடாதபடி அதனை எம் முழங்காலால் அணைகொடுத்துத் தாங்குவோம். பிடிப்பதற்கு இடுப்புப்பட்டி சிறந்தது. அது இல்லாதவிடத்து, தளர்ந்த பக்கத்துத் தோட்பட்டை எலும்பின் பின்னே உள்ளங்கையை வைத்து அணைக்கலாம். அவர் எம் கழுத்தைக் கட்டிக்கொள்ள இடங்கொடுத்தல் ஆகாது. நலமான கையால் மெத்தையை ஊன்றட்டும்.

“ஒன்று, இரண்டு, மூன்று” என எண்ணி இருவரும் ஒருங்கே எழுதல் வேண்டும். எழுந்தபின் இடுப்பை முறுக்காது, பாதங்களைச் சிறிது சிறிதாகப் பெயர்த்துத் திரும்புக. நாற்காலியின் விளிம்பு கால்களிற் படுவதை அவர் உணர்ந்து, நலமான கையால் அதன் கைப்பிடியைப் பற்றிய பின்னரே, முன்சாய்ந்தவாறு மெல்ல அமர்தல் நன்று. மீளும்போது நாற்காலியைத் திருப்பி, கட்டில் நலமான பக்கத்தில் அமையச் செய்தல் வேண்டும். பலர் இதனை மறக்கின்றனர்.

இடையிலே அவர் சரியத் தொடங்கினால் பிடித்து நிறுத்த முயலற்க. உடலோடு அணைத்து, தலையைக் காத்து, மெல்ல நிலத்தில் இருத்துக. இரு கால்களாலும் பாரந்தாங்க இயலாதவர்க்கு இம்முறை பொருந்தாது. வழுக்குப் பலகையும் தூக்குபொறியும் அவர்க்கு உரியன. எவர்க்கு எம்முறை தகும் என்பதை இயன்மருத்துவர் நேரிற் பார்த்துச் சொல்லுதலே தக்கது; இக்கட்டுரை அதற்கு ஈடாகாது.

என் தந்தையார்க்கும் எனக்கும் இப்பழக்கம் கைவரச் சில வாரங்கள் சென்றன. “ஐயா, எழும்புவோமா?” என நாடோறும் கேட்பேன். ஒருநாட் காலை யான் வாய்திறக்குமுன்னரே, அவர் முன்சாய்ந்து தாமே “ஒன்று, இரண்டு” என எண்ணத் தொடங்கினார். அன்று எனக்குப் பாரமே தோன்றவில்லை. தூக்கப்படுபவர் பாரமாகின்றார், துணைபெற்று எழுபவரோ தம் மானத்தோடு எழுகின்றார்.