டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் வைத்திருந்தவர்களில் பலரால் தங்கள் அஞ்சல் பெட்டியைத் திறக்க முடியவில்லை. வைரஸ் எதுவும் தாக்கவில்லை. ஹாட்மெயிலின் உள்நுழைவு வேலையைச் செய்துவந்த பாஸ்போர்ட்.காம் என்ற டொமைனுக்குக் கட்டணம் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர், தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலரைக் கட்டினார். சேவை மீண்டது.

டொமைன் வாங்கியதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. .காம் பெயரை ஒரே தவணையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். .காம் பதிவேட்டை வெரிசைன் நிறுவனமும், .இன் பதிவேட்டை நிக்ஸி அமைப்பும் பராமரிக்கின்றன. நாம் பணம் கட்டுவது இடையிலுள்ள பதிவு முகவரிடம். அவர் பதிவேட்டில் ஏற்றுவது பெயரை மட்டுமல்ல; அந்தத் தளம் இருக்கும் இடத்தை எந்த சர்வரிடம் விசாரிக்க வேண்டும் என்ற விவரத்தையும்தான். உலகின் எந்த மூலையில் யார் நம் முகவரியைத் தட்டினாலும், அவர்களுடைய கணினி இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நம்மிடம் வந்து சேர்கிறது. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை இது. அதற்கு முன் வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கியிருந்தன.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அழகைப் பார்க்கிறார்கள். காதில் விழுந்ததும் பிழையில்லாமல் தட்ட வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். ‘தாழம்பூ’ என்று ஒரு கடை இருக்கிறது என்று வையுங்கள். தகரத்துக்கு டி மட்டும் போடுபவர்கள் உண்டு, ஹெச் சேர்ப்பவர்களும் உண்டு. ழகரத்துக்குச் சிலர் எல், சிலர் இசட் ஹெச். ‘பூ’வுக்கு ஒரு யூ போதுமா, இரண்டு ஓ வேண்டுமா? இதற்குள்ளேயே எட்டு வடிவங்கள் வந்துவிட்டன. போனில் பெயரைச் சொல்லி, நான்கு பேரைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். நால்வரும் நான்கு விதமாகத் தட்டினால் வேறு பெயர் தேடுவதே நல்லது. முடியாவிட்டால் பரவலான இரண்டு வடிவங்களையும் சேர்த்தே பதிந்துகொள்ளலாம்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கவும் வழி இருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற மூன்று ஈறுகள் புழக்கத்தில் உள்ளன. டிஎன்எஸ் முகவரிகள் ஆங்கில எழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றையே நம்பியிருப்பதால், நாம் தட்டும் தமிழை பிரவுசர் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புகிறது. 2003இல் தரப்படுத்தப்பட்ட ப்யூனிகோட் முறை இது. பல மொழி டொமைன்களுக்கான ஆரம்பகால வேலை 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவால் நடந்தது என்பதை நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன்பே தமிழை இணையத்தில் ஏற்ற நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து உழைத்தவர் அவர். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஏழும் எகரமும், எட்டும் அகரமும் அப்படித்தான். போலித் தளம் அமைப்பவர்களுக்கு இந்தச் சாயல் போதும். ஆகவே தமிழ் முகவரியில் தமிழ் எண்களைத் தவிருங்கள்.

இனிப் பதிவு. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இடம். சிறு கடைக்காரர், பதிப்பாளர், பள்ளி நிர்வாகி எனப் பலரும் இந்த வேலையைத் தளம் வடிவமைப்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுகிறார். வீட்டைக் கட்டிய மேஸ்திரி பெயரிலேயே பத்திரமும் இருப்பது போலத்தான் இது. அவர் தொழிலை விட்டாலோ உங்களோடு மனஸ்தாபம் வந்தாலோ, பதிவேடு அவரைத்தான் உரிமையாளராகக் காட்டும். பணம் கட்டிய ரசீதை வைத்து வழக்காடலாம். அதுவரை தளம் அவர் கையில். வடிவமைப்பு யார் செய்தாலும் சரி, முகவரிடம் கணக்கை உங்கள் பெயரில் நீங்களே தொடங்குங்கள்.

பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலிலும் கவனம் வேண்டும். அதே டொமைனில் இயங்கும் அஞ்சலைக் கொடுத்தால், டொமைன் முடங்கும் நாளில் அஞ்சலும் முடங்கும்; கடைசி நினைவூட்டல்கள் உங்களுக்கு வராது. .காம் போன்ற பெயர்கள் காலாவதியானதும் பறிபோய்விடுவதில்லை. முகவரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். முகவர் பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்கடுத்த 5 நாள்களில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க வழியில்லை. அதன்பின் பெயர் பொதுவுக்கு வருகிறது. ஓரளவு பெயர் பெற்ற தளமானால், அதைப் பிடித்துப் பதிவதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் அந்த நொடிக்காகக் காத்திருக்கும்.