நன்னாரி வேரும் அதன் போலியும்

கோடை வெம்மையால் வாடுவோர் விரும்பிப் பருகும் குளிர்நீர்களுள் நன்னாரிச் சர்பத்தும் ஒன்று. உடற்சூட்டைத் தணிப்பதற்கும் குருதியைத் தூய்மை செய்வதற்கும் சித்த மருத்துவர் நன்னாரி வேரைத் தொன்றுதொட்டுக் கையாண்டு வருகின்றனர். வேர் மாறுபடின், மருத்துவர் எத்துணை வல்லவராயினும் கருதிய பயன் கிட்டாது. நோயாளரோ வேரைப் பழியார், மருத்துவரையே பழிப்பர்.

நன்னாரி மெலிந்த கொடியாகும். வேலிகளையும் புதர்களையும் பற்றிப் படரும். அதன் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பெரும்பாலும் இலையின் நடுவே வெண்மை ஓடியிருக்கும். கிள்ளினால் பால் வடியும். கொடியோடு காண்பார்க்கு ஐயம் எழுவதில்லை. ஆனால், கடைக்கு வருவது கொடியன்று. இலையும் தண்டும் நீங்கி உலர்ந்த வேர்க்கட்டே. போலி நுழைவதற்கு இதுவே வாயில்.

வேரை முகர்ந்து பார்த்து வாங்குதல் மக்கள் வழக்கம். மணமற்ற வேர்களைக் கலந்திருப்பின், மூக்கே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆயினும், மாகாளிக்கிழங்கினிடம் மூக்கும் ஏமாந்துபோகிறது. மலைப்பாறைச் சரிவுகளில் வளரும் இக்கிழங்கை மோரிலிட்டு ஊறுகாயாக உண்பர். நன்னாரியும் மாகாளியும் ஒரே குடும்பத்துக் கொடிகள். இரண்டின் வேருக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள். ஆதலின், மணம் மட்டும் சான்றாகாது.

இங்கே கண்ணும் விரலும் துணைசெய்யும். நன்னாரி வேர் மெலிந்து, கரும்பழுப்பு நிறங்கொண்டு, சிறிது முறுக்குண்டிருக்கும். மேற்பட்டையில் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். வளைத்தால் பட்டை உடைந்து, உள்ளிருக்கும் கட்டையான நரம்பினின்றும் வளையம் வளையமாகக் கழன்றுவிடும். மருத்துவர் இந்நரம்பை நீக்கிப் பட்டையையே மருந்துக்குக் கொள்வர். மாகாளியோ விரற்பருமனுக்குக் குறையாத சதைப்பற்றுள்ள கிழங்கு. உலர்ந்தால் சுருங்கித் திரைந்துபோகும்.

பொடியாக்கிவிட்டாலோ இவ்வடையாளங்கள் அனைத்தும் மறைந்துவிடும். பிறகு நுண்ணோக்கியையும் மரபணு ஆய்வையுமே நாடவேண்டும். முழு வேரை வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்வோர்க்கு இத்தொல்லை இல்லை.

ஒரு மூலிகை கிடையாதபோது, அதற்கு ஒத்த குணமுடைய பிறிதொன்றைக் கொள்ளலாம் என்று மருத்துவ நூல்களே இடங்கொடுக்கின்றன. அதனைப் பெயர் கூறி விற்றால் மாற்று. பெயரை மறைத்து விற்றால் போலி. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம், 1964இல் திருத்தப்பட்டபோது சித்த மருந்துகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.

இதனால் இழப்பு நோயாளர்க்கு மட்டுமன்று. ஊறுகாய்க்கும் சர்பத்திற்கும் நன்னாரியின் பெயரால் விற்பதற்கும் கிழங்கோடு அகழ்ந்தெடுக்கப்படுவதால், மாகாளிக்கொடி காடுகளில் அருகி வருகிறது.