தேசங்கடந்த நிறுவனங்களில் தலைவர்களின் வகிபாகம்: ஐரோப்பியக் கவுன்சில் பற்றிய ஒரு நோக்கு

தேசங்கடந்த அரசியல் நிறுவனம் என்ற எண்ணக்கரு, தன் தோற்றத்தில், தனித் தலைமைக்கு எதிரான ஒன்றாகவே அமைந்தது. உலகப்போரின் அழிவைக் கண்ட மேற்கு ஐரோப்பிய நாடுகள், தலைவர்களின் விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாற்பட்ட நிறுவனங்களிடம் தம் இறைமையின் ஒரு பகுதியை ஒப்படைக்க முனைந்தன. 1957ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கையின்படி ஆணைக்குழு முன்மொழியும். அமைச்சர்கள் கவுன்சில் தீர்மானிக்கும். நீதிமன்றம் பொருள்கோடல் செய்யும். அரசாங்கத் தலைவர்கள் கூடும் சபை எதனையும் அவ்வுடன்படிக்கை குறிப்பிடவில்லை. இன்று அத்தகைய சபையொன்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் திசையைத் தீர்மானிக்கின்றது. இம்மாற்றத்தின் காரணங்களையும் விளைவுகளையும் நாம் இங்கு நோக்குவோம்.

முதல் உடைவு 1965இல் நிகழ்ந்தது. விவசாய நிதியீடு தொடர்பான முரண்பாட்டில் பிரெஞ்சுச் சனாதிபதி டி கோல் தமது பிரதிநிதிகளை அமைச்சர்கள் கவுன்சிலிலிருந்து விலக்கிக்கொண்டார். 1966 ஜனவரியில் எட்டப்பட்ட லக்சம்பேர்க் இணக்கம், முக்கிய தேசிய நலன் எனக் கருதப்பட்ட விடயங்களில் ஒவ்வோர் அரசுக்கும் நடைமுறையில் தடுப்பதிகாரம் வழங்கியது. உடன்படிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதிகாரத்தின் இருப்பிடமே.

1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, முன்னாள் நிதியமைச்சர்களான ஜிஸ்கார் டெஸ்தேங்கும் ஹெல்முட் ஷ்மிட்டும் தலைவர்களின் சந்திப்பை ஒழுங்கான அமைப்பாக்க முயன்றனர். 1974 டிசம்பர் பாரிஸ் மாநாட்டின் தீர்மானப்படி ஐரோப்பியக் கவுன்சில் 1975 மார்ச்சில் டப்ளினில் முதன்முறையாகக் கூடியது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை அதனை ஒன்றியத்தின் முறையான நிறுவனமாக்கி, முழுநேரத் தலைவர் பதவியையும் உருவாக்கியது.

ஆயினும் சட்ட ஏற்பாடுகளைக் காட்டிலும் நெருக்கடிகளே தலைவர்களை முன்னிறுத்தின. 2010 ஒக்டோபரில் அங்கெலா மேர்க்கெலும் சார்க்கோசியும் டோவில் நகரில் கடன் மீளமைப்புப் பற்றி இருவராகவே உடன்பாடு கண்டனர். அன்று லக்சம்பேர்க்கில் கூடியிருந்த நிதியமைச்சர்கள் அதனைப் பின்னரே அறிந்தனர். 2015 ஜூலை 5இல் கிரேக்க மக்களுள் 61 வீதத்தினர் கடன்கொடுநரின் நிபந்தனைகளை நிராகரித்தனர். எட்டே நாட்களில், இரவு முழுதும் நீடித்த உச்சிமாநாட்டின் முடிவில், அவர்களின் பிரதமர் சிப்ராஸ் கடுமையான நிபந்தனைகளை ஏற்க நேர்ந்தது.

இதனைத் தனிமனிதர்தம் ஆளுமையால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. பணம், எல்லை, போர் ஆகியவற்றில் தேசிய வரிப்பணத்தையும் பாராளுமன்றப் பெரும்பான்மையையும் பிணையாக வைக்க வல்லவர் அரசாங்கத் தலைவரே. அப்பிணையின் பெறுமதி எல்லார்க்கும் ஒன்றன்று. ஜேர்மன் அதிபரின் சொல்லுக்குப் பின்னால் ஒன்றியத்தின் மிகப்பெரும் பொருளாதாரம் நின்றது. கிரேக்கப் பிரதமரின் பின்னால் மூடப்பட்ட வங்கிகள் நின்றன. சமமான ஆசனங்களில் சமமற்ற வலிமைகளே அமர்ந்திருந்தன.

இங்குதான் சனநாயகப் பிரச்சினை எழுகின்றது. ஆணைக்குழுவை ஐரோப்பியப் பாராளுமன்றம் கண்டனத் தீர்மானத்தால் பதவி நீக்கலாம். ஐரோப்பியக் கவுன்சிலை அவ்வாறு நீக்கவியலாது. ஒவ்வொரு தலைவரும் தம் நாட்டு வாக்காளர்க்குப் பொறுப்புடையவர். அனைவரும் கூடி எடுக்கும் முடிவுக்கு ஒட்டுமொத்தமாகப் பொறுப்புக் கூறுவார் எவருமிலர். மூடிய அறையில் விட்டுக்கொடுத்தவர் வெளியே வந்து வெற்றி முழங்கலாம். தோல்விக்குப் 'பிரசெல்ஸ்' பழி சுமக்கும்.

தலைவர்களின் பங்கேற்பு தவிர்க்கவியலாதது என்பதை நாம் மறுக்கவில்லை. 2020 ஜூலையில் 75,000 கோடி யூரோ மீட்பு நிதிக்கு இணங்க அவர்களாலேயே முடிந்தது. ஆனால் விரைவு பொறுப்புடைமைக்கு ஈடாகாது. மக்களின் பெயரால் முடிவெடுக்கும் சபை, அம்மக்களின் பிரதிநிதிகள்முன் கூட்டாக விடையிறுக்கக் கடமைப்படும்வரை, தேசங்கடந்த சனநாயகம் முழுமை பெறாது என்பதே எமது துணிபாகும்.