நேர்மாறு பிரசாரண மென்சவ்வைச் சுத்திகரித்தல்

பாடத் தொடர்பு: பிரசாரணம், நீரின் வன்மை, அமிலங்களும் மூலங்களும்



யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெண்ணிறப் படிவு ஒன்று சேர்வதைக் கண்டிருப்பீர்கள். குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதே இதற்குக் காரணமாகும். ஆர்.ஓ. எனப்படும் நேர்மாறு பிரசாரண முறையில் நீரைச் சுத்திகரிக்கும் பொறியின் மென்சவ்விலும் இதே பொருள் படிகின்றது. வடமத்திய மாகாணத்திலும் வவுனியா மாவட்டத்திலும் சிறுநீரக நோய் காணப்படும் கிராமங்கள் பலவற்றில் மக்கள் குடிப்பது இத்தகைய பொறியின் நீரையே. எனவே நலிந்த மென்சவ்வைச் சுத்திகரிக்கலாமா, மாற்ற வேண்டுமா என்பதைச் சரியாகத் தீர்மானித்தல் அவசியம்.

1. மென்சவ்வு தொழிற்படும் விதம்

செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்குத் தேர்ந்து புகவிடும் மென்சவ்வினூடாக நீர் மூலக்கூறுகள் செல்லுதல் பிரசாரணம் எனப்படும். செறிவு கூடிய பக்கத்தில், பிரசாரண அமுக்கத்திலும் கூடிய அமுக்கத்தைப் பிரயோகித்தால் நீர் எதிர்த்திசையிற் செல்லும். இதுவே நேர்மாறு பிரசாரணம் ஆகும். கடல்நீரின் பிரசாரண அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 27 மடங்காகும். கிணற்று நீரின் உப்புச் செறிவு மிகக் குறைவு என்பதால் சிறிய பம்பியே போதுமானது.

இன்று பெரும்பாலும் பயன்படும் மென்சவ்வு மூன்று படைகளைக் கொண்டது. உப்பைத் தடுப்பது மேலேயுள்ள பொலியேமைட்டுப் படை மட்டுமே. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றர்; அதாவது தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவு. ஆகவே மென்சவ்வைத் தூரிகையால் தேய்த்தலோ கொதிநீரில் இடுதலோ கூடாது.

2. மென்சவ்வு நலிவடையும் காரணங்கள்

(அ) கனியுப்புப் படிவு: நீர் மென்சவ்வைக் கடந்து செல்ல, எஞ்சிய நீரில் உப்புகளின் செறிவு கூடுகின்றது. கரைதிறன் எல்லையைத் தாண்டியதும் கல்சியம் காபனேற்று திண்மமாகப் படிகின்றது. கேத்திலில் வெப்பத்தால் நிகழ்வது இங்கு செறிவடைதலால் நிகழ்கின்றது.

(ஆ) உயிர்ப்படலம்: பற்றீரியாக்களும் சேதனப் பொருள்களும் சேர்ந்து வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும்.

(இ) குளோரீனால் ஏற்படும் சேதம்: குளோரீன் பொலியேமைட்டைத் தாக்கிச் சிதைக்கின்றது. கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இட்ட பின்னர் அந்நீரைக் காபன் வடியினூடாகச் செலுத்தாது மென்சவ்வுக்கு அனுப்பினால் இது நிகழலாம்.

முதல் இரண்டும் மென்சவ்வின் மேற்பரப்பில் சேர்ந்த அழுக்கு, அவற்றை அகற்றலாம். மூன்றாவது மென்சவ்வுக்கே ஏற்பட்ட காயம். எந்தக் கழுவலாலும் அது மாறாது.

3. காரணத்தை அறிதல்

முதலில் முன்வடிகள் அடைபட்டுள்ளனவா, பம்பியின் அமுக்கம் குறைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் நீர் வெளிவரும் வீதம் 10% – 15% வரை குறைந்திருந்தால், படிவையோ உயிர்ப்படலத்தையோ சந்தேகிக்கலாம். நீர் குறையாமல் அல்லது முன்னரிலும் கூடுதலாக வந்து, உப்பின் அளவும் உயர்ந்திருந்தால் மென்சவ்வு சிதைந்திருக்கலாம். எனினும் மென்சவ்வைப் பொருத்தும் இறப்பர் வளையம் பழுதடைந்தாலும் உப்பு கசியும். ஆதலால் அதனையும் சோதிக்க வேண்டும்.

கணிப்பு: உட்செல்லும் நீரில் கரைந்துள்ள திண்மம் லீற்றருக்கு 800 மில்லிகிராம். வெளிவரும் நீரில் 40 மில்லிகிராம்.

உப்பைத் தடுக்கும் வீதம் = (800 – 40) ÷ 800 × 100 = 95%

சில காலத்தின் பின் வெளிவரும் நீரில் 200 மில்லிகிராம் இருப்பின் இவ்வீதம் 75% ஆகும். இரு நீரும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெளிவாகவே தோன்றும். தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று என்பதைக் கவனிக்க.

4. சுத்திகரிக்கும் முறை

படிவு காரணமாயின் 2% சித்திரிக்கமிலக் கரைசல் பயன்படும். 20 கிராம் அமிலத்தை, வன்மையற்ற நீரிற் கரைத்து 1 லீற்றராக்குவதன் மூலம் இதனைத் தயாரிக்கலாம். தேசிக்காயில் இருப்பதும் இதே அமிலமே. ஆயினும் தேசிக்காய்ச் சாற்றைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள சதையும் வெல்லமும் மென்சவ்வை மேலும் அழுக்காக்கும்.

படி 1: பொறியை நிறுத்தி அமுக்கத்தை நீக்குக.
படி 2: கரைசலைத் தாழ்ந்த அமுக்கத்தில் மென்சவ்வின் மேற்பரப்பு வழியே சுற்றிவரச் செய்க. அமுக்கம் கூடினால் கழன்ற படிவு மீண்டும் மென்சவ்வுடன் அழுத்தப்படும்.
படி 3: சிறிது நேரம் ஊறவிட்டு மறுபடியும் சுற்றிவரச் செய்க.
படி 4: சுத்தமான நீரினால் நன்கு கழுவுக. பொறியை இயக்கி முதலில் வரும் நீரை வெளியே ஊற்றிவிடுக.

தாக்கம்:
கல்சியம் காபனேற்று + சித்திரிக்கமிலம் → கல்சியம் சித்திரேற்று + காபனீரொட்சைட்டு + நீர்

அமிலம் தாக்கத்தில் செலவாவதால் கரைசலின் பீ.எச். பெறுமானம் உயரும். அப்போது மேலும் அமிலம் சேர்க்க வேண்டும். பெறுமானம் மாறாது நின்றால் அமிலத்துடன் தாக்கமுறும் படிவு தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். வாயு வெளியேறுவதால் பாத்திரத்தை இறுக மூடலாகாது.

உயிர்ப்படலத்தை அகற்ற 0.1% சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் பயன்படும். இதன் வெப்பநிலை 35 பாகை செல்சியசை மீறக் கூடாது. இரண்டு அழுக்குகளும் இருப்பின் பொதுவாக முதலில் மூலத்தாலும், இடையில் நீராலும், பின்னர் அமிலத்தாலும் கழுவப்படும்.

5. பாதுகாப்பு

• கையுறையும் கண்ணாடியும் அணிக. மூலக் கரைசலைப் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.
• வெளிற்றும் தூளை ஒருபோதும் அமிலத்துடன் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரீன் வெளியேறும்.
• கழுவிய பின் உப்பின் அளவை மீண்டும் அளந்து பாராமல் நீரைக் குடிக்கக் கூடாது.

6. மாதிரி வினாக்கள்

வினா 1: சித்திரிக்கமிலம் இட்டதும் குமிழிகள் தோன்றின. அவ்வாயு யாது? எவ்வாறு இனங்காண்பீர்?
விடை: காபனீரொட்சைட்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரினுட் செலுத்த, அது பால்நிறமாகும்.

வினா 2: அமிலக் கரைசலை வன்னீரில் தயாரிப்பது ஏன் பொருத்தமற்றது?
விடை: வன்னீரிலுள்ள இருகாபனேற்று அமிலத்தின் ஒரு பகுதியுடன் தாக்கமுற்று அதனை வீணாக்கும்.

வினா 3: ஒரு பொறியைக் கழுவிய பின் நீர் தாராளமாக வந்தது. ஆனால் உப்பைத் தடுக்கும் வீதம் 70% ஆகவே இருந்தது. இறப்பர் வளையம் பழுதற்றது. உமது முடிவு யாது?
விடை: அழுக்கு நீங்கிவிட்டது. ஆயினும் பொலியேமைட்டுப் படை சிதைந்துள்ளது. மென்சவ்வை மாற்ற வேண்டும்.

மூன்றாம் வினாவுக்கு "மீண்டும் கழுவ வேண்டும்" என விடை எழுதுவோர் உளர். நீர் கூடுதலாக வருவது மென்சவ்வு நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது என்பதை மனதிற் கொள்க.