பீரங்கி நின்ற மதிலில் மாலை நடை

மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டையில் வண்டி மாறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. கோலார் தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பாட்டன் ஊருக்குப் போகும் பாதை. வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்களின் வழி.

காட்பாடியை அடுத்த வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில் எழுந்தது. 1780இல் தொடங்கிய ஹைதர் அலி படையின் முற்றுகைக்கும் அது விழவில்லை. 1806 ஜூலை 10 விடியலிலோ உள்ளே இருந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அன்றே அந்தக் கிளர்ச்சியை அடக்கினார்.

இன்று அகழியோரம் பூங்கா.

புல்தரையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மேலே கருங்கல் மதில், வட்டக் கொத்தளங்கள். கீழே பாசி படிந்த தண்ணீர். உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.