வடிகட்டியில் தப்பிய பாக்கி

தேக்காவில் மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறார் என் சித்தப்பா. உணவகங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பிவிட்டு 30 நாளில் பணம் வாங்குவது வழக்கம். சென்ற மாதம் ஒரு மாலை என்னைக் கடைக்கு வரச் சொன்னார்.

“சம்பளம் போட நாலாயிரம் வெள்ளி குறையுதுப்பா. யார் யார் பாக்கின்னு கணினியில பார்த்துச் சொல்லு.”

கணக்கு மென்பொருளில் மூன்று நிபந்தனைகள் இட்டேன். நிலை: ‘செலுத்தப்படவில்லை’. இன்வாய்ஸ் தேதி: கடந்த மூன்று மாதம். தொகை: 500 வெள்ளிக்கு மேல். மூன்று பெயர்கள் வந்தன.

முதல் பெயர், இருபது ஆண்டாக எங்களிடம் வாங்கும் உணவகக்காரர். கைப்பேசியை எடுத்த சித்தப்பா, “போன வாரம்தானே பேநவ்வில் அனுப்பினார்?” என்று நிறுத்தினார். பணம் வங்கிக்கு வந்திருந்தது. அந்த வரவை இன்வாய்ஸுடன் பொருத்தாமல் விட்டிருந்தோம். அவரை அழைத்துக் கேட்டிருந்தால், தவறு எங்களுடையது, மனவருத்தம் அவருக்கு.

உண்மையான பெரிய பாக்கியோ பட்டியலிலேயே இல்லை. 5,200 வெள்ளி இன்வாய்ஸுக்கு 1,500 மட்டும் கட்டியிருந்தது ஒரு கடை. அதன் நிலை ‘பகுதி செலுத்தப்பட்டது’. நான் தேடியதோ ‘செலுத்தப்படவில்லை’. 3,700 வெள்ளி கண்ணில் படாமல் போனது.

சல்லடைமேல் சல்லடை

ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு சல்லடை. மூன்றை அடுக்கினால், மூன்றிலும் தேறும் பதிவு மட்டுமே கீழே வரும். எக்செல்லிலும் இப்படித்தான்: வெவ்வேறு பத்திகளில் இடும் நிபந்தனைகள் எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும், இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்.

ஆகவே நிபந்தனையை மாற்றினேன். நிலையை விட்டுவிட்டு, ‘மீதித் தொகை பூஜ்யத்துக்கு மேல்’ என்றும், இன்வாய்ஸ் தேதிக்குப் பதிலாக ‘கெடு தேதி இன்றைக்கு முன்’ என்றும் இட்டேன். 500 வெள்ளி வரம்பையும் நீக்கினேன். விட்டுப்போன கடை முதலிடத்தில் வந்தது. ஒரே வாடிக்கையாளரை ‘உணவகம்’ என்றும் ‘ரெஸ்டாரன்ட்’ என்றும் இரு பெயர்களில் பதிந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பெயரை வைத்துத் தேடியிருந்தால் பாதிக் கணக்குதான் கிடைத்திருக்கும்.

வரிக் கணக்கிலும் உதவும்

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1ல் 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரி 1ல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ‘தேதி 2024 ஜனவரி 1 முதல்’, ‘வரி 8 விழுக்காடு’ என்ற இரண்டையும் சேர்த்து வடிகட்டினால், சரிபார்க்க வேண்டிய இன்வாய்ஸ்கள் சில நொடிகளில் கிடைக்கும். வந்தவை எல்லாம் தவறு என்று பொருளல்ல. பொருளும் முழுப் பணமும் 2023லேயே கைமாறியிருந்தால் 8 விழுக்காடே சரி. எதைப் பார்க்க வேண்டும் என்று வடிகட்டி காட்டும், முடிவு நம்முடையது. வணிகப் பதிவுகளைக் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. அத்தனை பதிவுகளில் கையால் தேடி மாளாது.

தேடும் முன்

• கேள்வியை முதலில் தாளில் எழுதுங்கள். ‘யார் பாக்கி?’ வேறு, ‘யாருக்குக் கெடு தாண்டியது?’ வேறு.

• நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எத்தனை பதிவுகள் குறைகின்றன என்று பாருங்கள். திடீரென்று பெருமளவு குறைந்தால் அங்கே நில்லுங்கள்.

• பட்டியல் காலியாக வந்தால், பழைய வடிகட்டி ஏதும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

• யாரையும் அழைக்குமுன் வங்கி வரவுடன் ஒப்பிடுங்கள்.

அன்றிரவு அந்த 3,700 வெள்ளிக்காகச் சித்தப்பா அழைத்தார். எதிர்முனையில் கணக்கர் மறந்தே போயிருந்தாராம். இரண்டு நாளில் பணம் வந்தது. மற்றொரு கடையின் பாக்கியும் சேர, சம்பளம் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.